உடைந்த பித்தளைக் கைப்பிடியை வீட்டுப் பட்டறையில் பற்றவைத்தல்

பழைய வீட்டு வாசற்கதவின் வார்ப்புப் பித்தளைக் கைப்பிடி ஒரு நாள் இழுத்த கையோடு முறிந்து வந்துவிட்டால், பெரும்பாலான வீடுகளில் அது பழைய பாத்திரக் கடைத் தராசுக்குப் போய்விடுகிறது. அதற்கு ஈடாக வாங்கி மாட்டப்படும் புதிய கைப்பிடி பல நேரங்களில் பித்தளையே அல்ல, மேலே பித்தளை நிறம் ஏற்றிய துத்தநாகக் கலவை. பழையதைக் காப்பாற்றுவது அப்படியொன்றும் கடினமான வேலை இல்லை. ஒரு கேஸ் டார்ச், ஒரு பிடிசிராவி (பொருளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் வைஸ்), ஒரு துளைபோடும் இயந்திரம், வெள்ளி கலந்த பற்றாசுக் கம்பி (சூட்டில் உருகி ஓடி உலோகத் துண்டுகளை இணைக்கும் கலவை) சிறிதளவு, இவற்றோடு அவசரமில்லாத ஒரு முழு நாள் இருந்தால் போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: உடைந்த இரண்டு முகங்களையும் சேர்த்து வைத்து ஒட்டுவது மட்டும் பழுதுபார்ப்பு ஆகாது. ஒட்டுக்கு உள்ளே சுமையைத் தாங்க ஒரு முளை, அதாவது இரண்டு துண்டுகளுக்குள்ளும் செல்லும் ஒரு குட்டைக் கம்பி, இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கைப்பிடியை முதல் தடவை நான் எபாக்சிப் பசையால் ஒட்டினேன். அது இரண்டு மாதம் நின்றது, பிறகு மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகியபோது அதே இடத்தில் விட்டுவிட்டது. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு முகத்தில் இருக்கும் பசை, கதவை இழுக்கும்போது உண்டாகும் வளைவிசையைத் தாங்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்பு, கையில் இருப்பது என்ன உலோகம் என்பதை ஐயமில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு, மேலே பித்தளை நிறம் இருந்தாலும் இரும்புதான். காந்தம் ஒட்டாவிட்டால் உடைந்த முகத்தைப் பாருங்கள். பித்தளையின் உட்புறம் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும், துத்தநாக வார்ப்பின் உட்புறம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியான மணிகளோடு இருக்கும். பார்வையில் முடிவுக்கு வர இயலாதபோது எடையைக் கேட்கலாம். சமையலறை மின்தராசில் கைப்பிடித் துண்டின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, துண்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் முழுவதும் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் துண்டின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது அடர்த்தி. பித்தளைக்கு அது 8.4 முதல் 8.7 வரையிலும், துத்தநாகக் கலவைக்கு 6.6 அளவிலும், அலுமினியத்துக்கு 2.7 அளவிலும் இருக்கும்.

இந்தச் சோதனையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பித்தளை சுமார் 900 டிகிரி செல்சியஸில்தான் உருகத் தொடங்கும், நாம் பயன்படுத்தப்போகும் பற்றாசோ 650 டிகிரிக்குள் உருகிவிடும். ஆகவே நடுவில் போதிய இடைவெளி இருக்கிறது. துத்தநாக வார்ப்பு 390 டிகிரியை நெருங்கும்போதே, சிவக்காமல், எந்த முன்னறிவிப்பும் காட்டாமல் உருகிக் குட்டையாகத் தேங்கிவிடும். அத்தகைய கைப்பிடிக்கு நெருப்புக் காட்டவே கூடாது. இரண்டு பக்கமும் துளையிட்டு, மரையுள்ள எஃகுக் கம்பி ஒன்றை எபாக்சியில் தோய்த்து உள்ளே செலுத்தி ஒட்டலாம். அல்லது ஒட்டிய துண்டையே அச்சு மாதிரியாகக் கொடுத்து, பித்தளை வார்ப்புப் பட்டறையில் புதிதாக வார்த்து வாங்கலாம். கும்பகோணம், நாச்சியார்கோயில் பக்கம் விளக்கு வார்ப்பவர்கள் இருக்கிறார்கள், வேறு ஊர்களிலும் தேடினால் கிடைப்பார்கள். ஆனால் பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு சுருங்கும் என்பதால், 15 சென்டிமீட்டர் மாதிரியிலிருந்து வரும் வார்ப்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குட்டையாக இருக்கும், கதவில் பழைய துளைகளோடு பொருந்தாது. இதை வார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனிப் பித்தளைக்கு வருவோம். உடைந்த முகத்தைக் கழுவும் முன் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், ஏனெனில் அது ஏன் உடைந்தது என்பது அங்கே எழுதியிருக்கும். முகம் முழுவதும் ஒரே சீராக மினுங்கினால், அடியோ மிகையான இழுப்போ ஒரே தடவையில் உடைத்திருக்கிறது. ஒரு பகுதி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்து மீதி மட்டும் புதிதாக மினுங்கினால், விரிசல் பல காலமாக அங்கே இருந்திருக்கிறது, கடைசி இழுப்பு மிச்சத்தை முடித்துவைத்திருக்கிறது. ஊசித்துளைகள் போன்ற கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை வார்க்கும்போது அடைபட்ட காற்றுக் குமிழிகள்.

பழைய விரிசலுக்குப் பொதுவான காரணம், பித்தளைக்குள் தேங்கி நிற்கும் இழுவிசையும் அமோனியாவும் ஈரமும் ஒன்றுசேர்வது. இதை உலகம் அறிந்துகொண்டதே நம் நாட்டு மழைக்காலத்தால்தான். ஆங்கிலேயப் படையினர் இந்தியாவில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவே காரணம் என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நம் கதவுக்கு இதில் பாடம் இருக்கிறது. கதவில் போட்ட துளைகள் கைப்பிடியின் கால்களுக்குச் சரியாக நேராக இல்லாமல், போல்ட்டை முறுக்கி வலிந்து இழுத்து மாட்டியிருந்தால், அந்தக் கைப்பிடி யாரும் தொடாதபோதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பு நீரைத் தெளித்துத் துடைத்தால் விரிசலுக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிடும்.

அடுத்தது, கைப்பிடியில் பித்தளை அல்லாத எல்லாவற்றையும் நீக்குவது. வார்னிஷ், பெயின்ட், குரோமியப் பூச்சு ஆகியவை சூட்டில் நச்சுப்புகை விடும் என்பதால், உடைந்த இடத்திலிருந்து இருபுறமும் குறைந்தது 5 சென்டிமீட்டருக்கு அவற்றைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். காலில் இரும்புத் திருகாணி முறிந்து சிக்கிக்கொண்டிருந்தால் அதை நோண்ட வேண்டாம். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து, கரையும் மட்டும் படிகாரத்தைக் கரைத்து, அந்தக் காலை அதில் மூழ்கவைத்து, கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழான சூட்டிலேயே வைத்திருங்கள். படிகார நீர் இரும்பை மெல்ல மெல்லக் கரைக்கும், பித்தளையை விட்டுவிடும். சில மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் இந்த முறை, துளைபோடும்போது டிரில் பிட்டே உள்ளே முறிந்துவிட்டாலும் கைகொடுக்கும்.

முளை வைக்கும் வேலைதான் இந்தப் பழுதுபார்ப்பின் உயிர், எனவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கழுத்துப் பகுதி 12 மில்லிமீட்டர் பருமனாக இருக்கும் கைப்பிடி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி பொருத்தமானது, சுற்றிலும் மூன்றரை மில்லிமீட்டர் சுவர் மிஞ்சும். முளை இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் வீதம் உள்ளே போக வேண்டும். கைப்பிடி வளையத் தொடங்கும் இடத்தில் உடைந்திருந்தால், நேராகச் செல்லும் துளை வளைவின் வெளிப்புறத்தைப் பொத்துக்கொண்டு வந்துவிடக்கூடும். ஆகையால் கைப்பிடியைத் தாளில் படுக்கவைத்து ஓரத்தை வரைந்து, துளை செல்லும் பாதையை அதன் மேல் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டு ஆழத்தை முடிவுசெய்யுங்கள்.

உடைந்த முகங்களை அரத்தால் தேய்த்துச் சமமாக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றும். முகம் புதிதாகவும் சுத்தமாகவும் இருந்தால் அதைச் செய்யாதீர்கள். உடைப்பின் மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று பல்லுப்பல்லாகப் பொருந்தி, துண்டுகள் எந்த நிலையில் சேர வேண்டும் என்பதை எந்த அளவுகோலையும்விடத் துல்லியமாகக் காட்டும். பச்சை பூத்த பழைய விரிசல் பகுதியை மட்டும் பித்தளை பிரஷ்ஷாலும் அமில நீராலும் சுத்தம் செய்யுங்கள். அது ஆழமாக அரித்திருந்தால்தான் தேய்க்க வேண்டிவரும். அப்படித் தேய்த்தால் கைப்பிடி அந்த அளவுக்குக் குட்டையாகும் என்பதை, பின்னால் கதவில் மாட்டும்போது மறக்கக் கூடாது.

இரு துண்டுகளிலும் துளைகள் நேருக்கு நேர் அமைவதற்கு ஒரு வழி இருக்கிறது. பிடிசிராவியின் தாடைகளில் மரத்துண்டுகளை வைத்து ஒரு துண்டை நிமிர்த்திப் பிடித்து, மூலைமட்டத்தால் இரண்டு பக்கமிருந்தும் நேர் பார்த்து, முகத்தின் நடுவில் மையக் குறி அடித்து, முதலில் 2.5 மில்லிமீட்டரிலும் பிறகு 5 மில்லிமீட்டரிலும் துளையிடுங்கள். பித்தளையில் துளையைப் பெரிதாக்கும்போது பிட் திடீரென்று கடித்துக்கொண்டு உள்ளே பாயும். பிட்டின் வெட்டும் விளிம்பை எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, அதன் கூர்க்கோணத்தைச் சற்றே மழுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இராது. பிறகு, துளையில் செல்லும் ஒரு குட்டைக் கம்பியின் நுனியைக் கூராக்கி, கூர் மட்டும் 1 மில்லிமீட்டர் வெளியே தெரியுமாறு துளைக்குள் நிறுத்துங்கள். மற்றத் துண்டை அதன் மேல் பல்லுக்குப் பல் பொருந்துமாறு வைத்து மெல்லத் தட்டினால், எதிர்முகத்தில் சரியான இடத்தில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியிலேயே அடுத்த துளையைப் போடுங்கள்.

பற்றாசு புகுந்து பிடிப்பதற்கு முளைக்கும் துளைச் சுவருக்கும் நடுவில் சுமார் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் சந்து தேவை. சந்து இதைவிடக் குறைந்தால் பற்றாசு நுழையாது, கூடினால் நுழைந்தது நிற்காமல் வழியும். 5.1 பிட் கிடைத்தால் நல்லது. இல்லையேல் முளையை உப்புத்தாளால் சுற்றித் தேய்த்து, விரலால் தள்ளினால் தடையின்றி வழுக்கிச் செல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். முளையின் நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் அரத்தால் மெல்லிய பட்டை இழுத்துவிடுவது அவசியம். மூடிய துளைக்குள் அடைபட்ட காற்றும் நீராவியும் வெளியேற அந்த வழி இல்லாவிட்டால், சூட்டில் அவை முளையையே வெளியே தள்ளிவிடும்.

பற்றாசு வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். 56 விழுக்காடு வெள்ளி கொண்ட கம்பி 620 முதல் 650 டிகிரிக்குள் உருகி ஓடும். இது விலை கூடியது என்றாலும், ஒரு கைப்பிடிக்கு விரல் நீளக் கம்பிகூடச் செலவாகாது. 45 விழுக்காட்டுக் கம்பி 745 டிகிரி வரை சூடு கேட்கும், சிறிய டார்ச்சுக்கு அது கடினம். பழைய கலவைகளில் காட்மியம் சேர்ப்பது உண்டு, அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும் கொடிய நஞ்சு. காட்மியம் இல்லாதது என்று உறையில் எழுதியிருப்பதை மட்டுமே வாங்குங்கள். வெண்காரம் நம் பொற்கொல்லர்களின் தொன்மையான துணைப்பொருள், ஆனாலும் அது 740 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் இந்தத் தாழ்சூட்டுப் பற்றாசுக்கு ஒத்துவராது. வெள்ளிப் பற்றாசுக்கென்றே விற்கும் புளோரைடு கலந்த பிளக்ஸ் பசையை (சூட்டில் உலோகம் கறுக்காமல் காத்து, பற்றாசு ஓட வழிசெய்வது) வாங்குங்கள். அதன் புகையும் நல்லதல்ல, எனவே காற்றோட்டமான முற்றத்திலோ திண்ணையிலோ வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்ஜ் மெக்கானிக்குகள் தாமிரக் குழாய்க்குப் பயன்படுத்தும் பாஸ்பரஸ் கலந்த கம்பியும் பிளக்ஸ் தடவினால் பித்தளையில் பிடிக்கும், ஆனால் இரும்பு வேலைக்கு அதைத் தொடவே கூடாது, ஒட்டு கண்ணாடி போல நொறுங்கும்.

இனி நெருப்பு. கைப்பிடியைத் தீச்செங்கல்லின் மேல் வைத்து, மூன்று பக்கமும் செங்கல் துண்டுகளால் குகை போல அடைத்துவிடுங்கள். இந்தத் தடுப்பு இல்லாமல் சிறிய டார்ச்சின் சூடு முழுவதும் காற்றோடு போய்விடும். சிமென்ட் தரையில் நேரடியாக வைத்துச் சூடேற்றினால், அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தரை சில்லுச்சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, பருத்தி உடை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர், இவை இன்றித் தொடங்க வேண்டாம்.

துளைகளுக்குள்ளும் முளையிலும் முகங்களிலும் பிளக்ஸ் பசையைத் தடவுங்கள். கீழே நிற்கப்போகும் துண்டின் துளை, முளையின் ஆழத்தைவிட 2 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். அந்த அடியில் பற்றாசுக் கம்பியிலிருந்து நறுக்கிய மூன்று நான்கு சிறு துணுக்குகளைப் போட்டு, அதன் மேல் முளையை இறக்கி, மேல் துண்டைப் பொருத்துங்கள். மேல் துண்டு தன் எடையாலேயே கீழே அமுங்குமாறு நிறுத்தி, ஒட்டில் படாமல் கட்டுக்கம்பியால் பிணைக்க வேண்டும். காலில் உள்ள மரைகளில் பற்றாசு ஏறாதிருக்க, சீமைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து அவற்றில் அப்பிவிடுங்கள்.

நிழலான இடத்தில் சூடேற்றுங்கள், வெயிலில் உலோகத்தின் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. பருமனான பக்கத்தில் தொடங்கி, தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் இரு பக்கமும் அசைத்துக்கொண்டே இருங்கள். பசை முதலில் கொதித்து நுரைக்கும், பிறகு வெள்ளைப் பொடியாகக் காயும், 600 டிகிரியை ஒட்டி உருகித் தெளிந்த தண்ணீர் போலப் பளபளக்கும். அந்தத் தெளிவுதான் உங்கள் வெப்பமானி. இன்னும் சிறிது நேரத்தில் உள்ளே போட்ட துணுக்குகள் உருகி, முளையைச் சுற்றிய சந்தின் வழியே மேலேறி, உடைப்புக் கோட்டில் மெல்லிய வெள்ளி இழையாக வெளியே எட்டிப்பார்க்கும். அதைக் காணும்வரை வெளியிலிருந்து கம்பியை வைக்காதீர்கள். அந்த இழை உள்ளே முளை பிடித்துக்கொண்டது என்பதற்குச் சான்று. பிறகு, தீ இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியை ஒட்டின் மேல் தொடுங்கள். கம்பியைத் தீயால் உருக்கக் கூடாது, உலோகத்தின் சூடு அதை உருக்க வேண்டும். பற்றாசு எப்போதும் சூடு மிகுந்த இடத்தைத் தேடி ஓடும் என்பதால், கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே தீயைக் கொண்டுபோனால் அதுவும் அங்கே வந்து சேரும்.

வெண்புகை கிளம்பினால் சூடு அளவு மீறிவிட்டது என்று பொருள். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் ஆவியாகிறது, அதை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் போல வரும். உடனே தீயை விலக்குங்கள். மாறாக, பத்து நிமிடம் ஆகியும் பசை தெளியாமல் கறுக்கத் தொடங்கினால் டார்ச் போதவில்லை. பசை வலுவிழந்த பிறகு எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பற்றாசு உருண்டைகளாக உருண்டோடுமே தவிரப் பிடிக்காது. ஆறவைத்து, சுத்தம் செய்து, பெரிய தீயோடு மறுபடியும் தொடங்குவதுதான் வழி.

தீயை எடுத்த பிறகு பற்றாசு இறுகும்வரை அசைக்கக் கூடாது. சிவந்திருக்கும் வார்ப்பைத் தண்ணீரில் போடவும் கூடாது, விரிசல் விடும். கையால் தொடக்கூடிய சூட்டுக்கு வந்ததும் வெந்நீரில் ஊறவைத்தால் கண்ணாடி போல் படிந்த பசை கரைந்துவிடும். மிஞ்சிய கறுப்புக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை நூறு மில்லி வெதுவெதுப்பான நீருக்குப் பத்து கிராம் வீதம் கரைத்து, அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். கரைசலில் இரும்பு இடுக்கியை விட்டால் பித்தளை மேல் செம்பு படிந்து சிவக்கக்கூடும், மரக்குச்சியால் எடுப்பது நல்லது. பிறகு நுண்ணரம், 180, 320, 600 எண் உப்புத்தாள்கள் என்று படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றலாம். உற்றுப் பார்த்தால் ஒட்டுக்கோடு மயிரிழை அளவுக்கு வெளுப்பாகத் தெரியும். அதை மறைக்கப் பித்தளைப் பூச்சுகளைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து, சில மாதங்களில் கை பட்டுப் பட்டு நிறம் மங்கிச் சேர்ந்துவிடும்.

கதவில் மாட்டுவதற்கு முன்பு, கைப்பிடியைப் பிடிசிராவியில் கிடைமட்டமாக ஒரு காலில் பிடித்து, மறுமுனையில் 15 லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். ஒட்டுக்கோட்டில் மயிரிழை இடைவெளிகூடத் திறக்கக் கூடாது. திறந்தால் அது கதவில் அல்லாமல் இங்கே தெரிந்தது நல்லதே. திரும்பச் சூடேற்றிப் பிரித்து, சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைக்கலாம்.

இதே முறையைக் குக்கர் கைப்பிடிக்கோ, மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிக்கோ கொண்டுபோகாதீர்கள். ஒட்டு விட்டால் ஆளுக்கு ஆபத்து என்ற இடத்தில் புதியது வாங்குவதே முறை. இரும்பு வாணலியின் காது கழன்றிருந்தால் அதற்கு நெருப்பும் வேண்டாம், பற்றாசும் வேண்டாம். மெல்லிரும்பு ரிவிட் போதும். சேர்க்க வேண்டிய தகடுகளின் மொத்தப் பருமனுக்கு மேல், ரிவிட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வெளியே நிற்குமாறு நறுக்கி, பட்டடையில் வைத்துத் தலை திரட்டி அடிக்க வேண்டும்.

மாட்டும்போது, முதலில் கைப்பிடியைப் போல்ட் இல்லாமல் கதவில் வைத்துப் பாருங்கள். இரண்டு கால்களும் பலகையில் ஆடாமல் உட்கார வேண்டும், துளைகளில் போல்ட் விரலாலேயே திருகி நுழைய வேண்டும். நேர் விலகியிருந்தால் கதவின் துளையை வட்ட அரத்தால் அகலப்படுத்துங்கள், கைப்பிடியை இழுத்து வளைத்துப் பொருத்தாதீர்கள். கால் ஒன்று தூக்கி நின்றால் அதன் அடியில் மெல்லிய வாஷர் வையுங்கள். மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகுமானால், உராயும் விளிம்பை இழைப்புளியால் ஒரு சீவு சீவிவிட வேண்டும். எங்கள் கதவில் நான் முதல் தடவை செய்யத் தவறியது இதைத்தான், எபாக்சி ஒட்டு விட்டுப்போகக் காரணமே அந்த இறுக்கம்தான். இனி துடைப்பதற்குக் கண்ணாடி துடைப்பு நீர் வேண்டாம். புளியைத் தேய்த்து, தண்ணீரில் அலசி, ஈரம் இல்லாமல் துணியால் துடைத்தால் போதும்.